ஓட்டோ கியர் வாகனமும் எண்ணெய்ச் சூடும்

உழவு இயந்திரம் ஓட்டிப் பழகிய ஒருவரை ஓட்டோ கியர் வாகனத்தில் இருத்தினால், அவருடைய இடக்கால் முதலில் கிளச்சைத் தேடும். இல்லை என்று கண்டதும் சிரிப்பார். இரண்டு நாள் போனபின் "இதைச் சின்னப்பிள்ளையும் ஓட்டுமே" என்பார். ஓட்டுவது இலகு என்பது உண்மைதான். ஆனால் கிளச் மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் நமக்குப் பதிலாக யாரோ செய்யத்தானே வேண்டும்? அதைச் செய்வது கியர்பொக்ஸுக்குள் இருக்கும் எண்ணெய். சேற்றிலும் மணலிலும் பாரம் இழுக்கும்போது அந்த எண்ணெய் எவ்வளவு சூடாகிறது, அந்தச் சூட்டை எப்படிக் குறைப்பது என்பதையே இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

யப்பானில் பாவித்தபின் இங்கு இறக்கப்பட்ட பஜெரோ, பிராடோ, டெலிகா போன்ற நான்கு சில்லு இழுவை வாகனங்களில் பல ஓட்டோ கியர் உள்ளவை. 2009 இல் உழவு இயந்திரத்தையும் மோட்டார் சைக்கிளையும் வழியிலே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்த குடும்பங்கள் சில, வெளிநாட்டு உறவினரின் உதவியையும் சங்கக் கடனையும் சேர்த்து, கூட்டாக இப்படியான பழைய வாகனம் ஒன்றை வாங்கியிருக்கின்றன. நெல் மூடை போவதும் அதில்தான். இரவில் பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதில்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. எனவே இருக்கிற பழைய வாகனத்தைக் காப்பாற்றுவதைத் தவிர எம்மவருக்கு வேறு வழி இருக்கவில்லை. கியர்பொக்ஸ் எரிந்துபோனால் இன்னொன்று போடப் பல இலட்சம் வேண்டும். அந்தப் பணம் இல்லாத இடத்தில் வாகனம் கோழிக்கூடாகி விடுகிறது.

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி கடைசியில், விதைநெல் ஏற்றிய அப்படியொரு வாகனத்தில் முருங்கன் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பகுதிக் கறுப்புக் களியைத் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. பின்சில்லு இரண்டும் இறங்கிவிட்டன. சாரதித் தம்பி கெட்டிக்காரன். விட்டுவிட்டு மிதித்தான். வாகனம் அசையவில்லை, சில்லுகூடச் சுழலவில்லை, எஞ்சின் மட்டும் முழங்கியது. கொஞ்ச நேரத்தில் கருகிய மணம் வந்தது. "சூடாகிவிட்டுது பாதர், கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லி எஞ்சினை நிறுத்தினான். அரைமணி நேரம் காத்திருந்து மறுபடி மிதித்தான். மறுபடி நிறுத்தினான். மூன்றாம் முறை கியரைப் போட்டபோது எஞ்சின் சத்தம் எழுந்ததே தவிர, கட்டிய மாட்டை அவிழ்த்துவிட்டதுபோல் இழுவை இல்லாமல் போயிற்று. அவ்வளவு நேரமும் எஞ்சின் சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. பின்பு பெட்டியைக் கழற்றிய மெக்கானிக் காட்டிய கிளச் தட்டுகள் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தன. தம்பியைக் குறை சொல்ல முடியாது. உழவு இயந்திரத்தில் கற்ற பாடத்தைத்தான் அவன் இங்கும் செய்தான். பக்கத்திலே இருந்த எனக்கும் அன்று வேறெதுவும் தெரிந்திருக்கவில்லை.

சூடு எங்கிருந்து வருகிறது?

வாளித் தண்ணீரைக் கையால் வேகமாகச் சுழற்றினால், அதில் மிதக்கும் இலையும் கூடவே சுழலும். கை இலையைத் தொடவில்லை. தண்ணீர்தான் இழுத்துப் போகிறது. ஓட்டோ கியர் வாகனத்தில் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் இருப்பது இத்தகைய ஓர் ஏற்பாடே. வடை வடிவான மூடிய இரும்புச் சட்டிக்குள் எண்ணெய் நிரம்பியிருக்கும். ஒரு பக்கத்து இதழ்களை எஞ்சின் சுழற்றும். எண்ணெய் பாய்ந்து எதிர்ப்பக்கத்து இதழ்களைத் தள்ளும். அவை கியர்களைச் சுழற்றும். இதனை ரோக் கொன்வேட்டர் என்பார்கள். ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் 1905 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் நினைத்தது வாகனத்தை அல்ல, கப்பலை. கப்பலைச் சுற்றி ஒரு கடல் நிறையத் தண்ணீர் இருக்கிறது. சூட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

இலையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும்? கையின் உழைப்பு எங்கே போகிறது? 1840களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் என்பவர் இதைத்தான் சோதித்தார். பாத்திரத்துத் தண்ணீரைத் துடுப்பு ஒன்றால் கலக்கி, வெப்பமானியால் அளந்து, செலவான உழைப்பு முழுவதும் சூடாக மாறுகிறது என்று காட்டினார். சேற்றில் இறுகிய வாகனத்தின் கொன்வேட்டர் ஜூலின் அந்தப் பாத்திரம்தான். சில்லு அசையவில்லை, எஞ்சின் கொடுக்கும் வலு முழுவதும் எண்ணெயில் சூடாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் 20 கிலோவாற்று வலுவைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல் ஜீப் ஒன்றுக்கு இது அரை மிதிக்கும் குறைவு. 2 கிலோவாற்று மின்கேத்தில் பத்தை ஒரே நேரத்தில் கொதிக்க விடுவதற்கு இது சமம். கியர்பொக்ஸில் உள்ள எண்ணெய் ஏறக்குறைய 8 லீற்றர். எண்ணெயைச் சூடாக்கத் தண்ணீரைவிட அரைப்பங்கு வெப்பமே போதும். ஆகவே ஒவ்வொரு வினாடிக்கும் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை செல்சியஸ் ஏறுகிறது. அரை நிமிடத்தில் 45 பாகை! இதில் ஒரு பங்கை இரும்பு வாங்கிக்கொள்ளும், இன்னொரு பங்கைக் குளிராக்கி எடுத்துப்போகும் என்பது சரி. ஆனால் சூடு பிறக்கிற கொன்வேட்டருக்குள் இருக்கும் எண்ணெய் அந்த எட்டு லீற்றரில் ஒரு பகுதிதான். அது இன்னும் விரைவாகச் சூடேறும். சில்லைப் பூட்டிவைத்து மிதித்துப் பார்க்கும் சோதனையை 5 வினாடிக்கு மேல் செய்யவேண்டாம் என்று டொயோட்டாவின் திருத்தும் நூல்கள் மெக்கானிக்மாரை எச்சரிப்பது இதனால்தான். நாங்கள் அன்று மிதித்ததை வினாடியில் எண்ணவில்லை.

தார் றோட்டில் ஒரே வேகத்தில் போகும்போது இந்தத் தொல்லை இல்லை. குறிப்பிட்ட வேகத்துக்குமேல் உள்ளே ஒரு பூட்டுக் கிளச் விழுந்து இரு பக்கத்து இதழ்களையும் ஒன்றாக்கிவிடும். வழுக்கல் இல்லை, சூடும் குறைவு. எனவே கண்டி வீதியில் 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனத்தைவிட, குளக்கட்டுக்குக் கீழே ஆள் நடக்கும் வேகத்தில் நெல் இழுக்கும் வாகனத்தின் எண்ணெய்தான் அதிகம் வேகிறது. வேகம் குறைந்தால் சூடும் குறையும் என்று நம்புவது இங்கே சரிவராது.

சாதாரண ஓட்டத்தில் இந்த எண்ணெய் 80 முதல் 95 பாகை வரை இருக்கும். அதற்காகவே அது செய்யப்பட்டது. 80 பாகைக்கு மேல் ஒவ்வொரு 11 பாகைக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகிறது என்பது தொழில் தெரிந்தோர் கையாளும் ஒரு பருமட்டான விதி. 80 பாகையில் 1,60,000 கிலோமீற்றர் உழைக்கும் எண்ணெய், அந்த விதிப்படி 102 பாகையில் 40,000, 135 பாகையில் 5,000 கிலோமீற்றரே தாங்கும். மிகச் சூடான எண்ணெய் முதலில் அரக்குப்போல நுண்ணிய வாய்க்கால்களில் படியும். பின்பு றப்பர் சீல்கள் இறுகி வெடிக்கும், அழுத்தம் குறையும். கடைசியில் கிளச் தட்டுகள் வழுக்கத் தொடங்கும். அந்த வழுக்கல் மேலும் சூட்டைத் தரும். அதன்பின் திரும்பி வர வழியில்லை.

வாகனத்தை நிறுத்துங்கள், எஞ்சினை நிறுத்தாதீர்கள்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயைச் சுற்றி ஓடச்செய்யும் பம்பு கியர்பொக்ஸுக்குள் இருக்கிறது. அதைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சினை நிறுத்தியவுடன் பம்பும் நிற்கும், எண்ணெய் குளிராக்கிக்குப் போவதும் நிற்கும். கொதிக்கும் எண்ணெய் கொன்வேட்டருக்குள்ளேயே கிடந்து சீல்களை வேகவைக்கும். அன்று நாங்கள் அரைமணி நேரம் ஆறவிட்டோம் என்று நினைத்தது உண்மையில் அவித்த நேரம்.

செய்யவேண்டியது இதுதான். காய்ந்த புல்லோ வைக்கோலோ இல்லாத இடத்தில் வாகனத்தை நிறுத்துங்கள். கைப்பிறேக்கை இழுத்து, கியர்த் தடியை 'பி' இல் போடுங்கள். சேற்றிலிருந்து எடுக்க முடியாவிட்டால் நின்ற இடத்திலேயே செய்யலாம். எஞ்சின் மெதுவாக ஓடட்டும். இப்போது எதிர்ப்பக்க இதழ்களைப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. அவையும் சேர்ந்து சுழலும். புதிய சூடு பிறக்காது. பம்பு பழைய சூட்டை எண்ணெயோடு குளிராக்கிக்குக் கொண்டுபோகும். டொயோட்டா ஜீப்புகள் பலவற்றில் "ஏ/ரி ஒயில் ரெம்ப்" என்று எழுதிய ஒரு விளக்கு உண்டு. அது எரிந்தால், அணையும்வரை இவ்வாறே காத்திருக்கும்படிதான் அவற்றின் கைநூலும் சொல்கிறது. ஆனால் அந்த விளக்கு எரியும்போது எண்ணெய் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும். விளக்கு இல்லை என்பதற்காகச் சூடு இல்லை என்று எண்ணவும் கூடாது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. அடியில் எண்ணெய் கொட்டினால், புகை வந்தால், றேடியேற்றர் தண்ணீர் பொங்கி வெளியேறினால் எஞ்சினை உடனே நிறுத்தவேண்டும். சூடான எக்சோஸ்ட் குழாயில் விழும் இந்த எண்ணெய் தீப்பற்றக்கூடியது.

சூட்டைப் பிறக்கவிடாமல் ஓட்டுவது

நான்கு சில்லு இழுவை வாகனத்தில் '4 எல்' என்று ஒரு நிலை இருக்கும். பலர் அதைச் சேற்றில் புதைந்தபின் போடும் மருந்தாக நினைக்கிறார்கள். உண்மையில் அது புதையுமுன் போடவேண்டியது. 4 எல் போட்டால் சில்லுக்குப் போகும் இழுவை இரண்டு, இரண்டரை மடங்காகிறது. அதே பாரத்தை இழுக்கக் கொன்வேட்டர் படும்பாடு அந்த அளவுக்குக் குறைகிறது; வழுக்கலும் குறைகிறது. வாகனம் மெதுவாகப் போகும், ஆனால் எண்ணெய் ஆறுதலாக இருக்கும். கூடவே தடியை 'டி' இல் விடாமல் 'எல்' இலோ '2' இலோ வையுங்கள். இல்லாவிட்டால் பெட்டி மேலும் கீழுமாகக் கியரை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் கிளச் தட்டு தேயும். றோட்டில் பாரம் இழுக்கும்போது தடியின் பக்கத்தில் உள்ள ஓ.டி. பொத்தானை அமத்தி, முன்பலகையில் 'ஓ.டி. ஓஃப்' விளக்கு எரியும்படி வைத்தால் இதே நன்மை கிடைக்கும்.

ஏற்றத்தில் வாகனத்தைப் பிறேக்கால் பிடியுங்கள். மிதியை அளந்து மிதித்துப் பின்னுக்குப் போகாமல் நிறுத்தி வைப்பது சாமர்த்தியம்போலத் தோன்றும். அது எண்ணெயைத் தாளிப்பதற்குச் சமம்.

மணலில் ரயர்க் காற்றைக் குறைப்பது நல்ல பலன் தரும். 35 இறாத்தலில் இருப்பதை 18 அல்லது 20 ஆகக் குறைத்தால் ரயர் தட்டையாகி மணலின் மேலே போகும். எஞ்சின் அரைவாசி முக்காது. முல்லைத்தீவுக் கரையோரத்திலும் மன்னாரிலும் மணல் வழியால் போவோருக்கு இது பயன்படும். காலால் அடிக்கும் பம்பு ஒன்றை வாகனத்தில் வைத்திருங்கள். குறைந்த காற்றோடு தார் றோட்டில் வேகமாக ஓடினால் ரயர் வெடிக்கும்.

புதைந்துவிட்டால் முதலில் மண்வெட்டியை எடுங்கள். சில்லுக்கு முன்னால் உள்ள சேற்றை வெட்டி, பனைமட்டை, பழைய சாக்கு, கொப்பு எதையாவது போடுங்கள். பாரத்தை இறக்குங்கள். பத்து மூடையை இறக்கி ஏற்றுவது அலுப்புத்தான். கியர்பொக்ஸை இறக்கி ஏற்றுவதைவிட மலிவு. பிறகு மிதித்துப் பாருங்கள். ஐந்து வினாடிக்குள் அசையாவிட்டால் காலை எடுங்கள். முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்க விரும்பினால், சில்லு முற்றாக நின்றபின்பே தடியை மாற்றவேண்டும்.

குளிராக்கியும் கிணற்றுத் தண்ணீரும்

பெரும்பாலான வாகனங்களில் கியர் எண்ணெய் குளிர்வது றேடியேற்றரின் தொட்டிக்குள் வைக்கப்பட்ட ஒரு குழாயில்தான். எண்ணெய் உள்ளே, எஞ்சின் தண்ணீர் வெளியே. ஆகவே றேடியேற்றர் கெட்டால் கியர்பொக்ஸும் கெடும். சூடடிக்கும் காலத்தில் வைக்கோல் தூசும் புல்விதையும் றேடியேற்றர் முகத்தை அடைத்துவிடும். எஞ்சின் ஆறியபின், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். அதிவேகமாகப் பாய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடியும்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிப்பதை வீட்டிலே காண்கிறோம். அதே படை றேடியேற்றருக்குள்ளும் பிடிக்கும்; சூடு கடக்காது. கூலன்ற் வாங்கி ஊற்றுவதே முறை. அதைக் கலக்க வடித்த நீர் கிடைக்காவிட்டால் சுத்தமாகப் பிடித்த மழைநீர் கிணற்றுத் தண்ணீரைவிட நல்லது.

உள்ளே உள்ள குழாய் வெடித்தால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து, கோலி அளவில் பார்த்தால் றோஸ் நிறப் பால்போல் இருக்கும். 2005 முதல் 2010 வரை வந்த நிசான் பாத்ஃபைண்டர் போன்ற வாகனங்களில் இது அமெரிக்காவில் வழக்குவரை போன பெயர்பெற்ற குறை. அந்த நிறத்தைக் கண்டால் ஒரு கிலோமீற்றர்கூட ஓட்டவேண்டாம்.

அடிக்கடி பாரம் இழுப்பவர்கள் வெளியே இன்னொரு எண்ணெய்க் குளிராக்கியைப் பூட்டலாம். மெதுவாக ஊரும் வாகனத்துக்குக் காற்று அடிக்காது என்பதால் அதற்கு ஒரு மின்விசிறியும் வேண்டும். குழாய் எண்ணெய்க்கென்றே செய்யப்பட்டதாக இருக்கவேண்டும். தண்ணீர்க் குழாயைப் பூட்டிச் சிக்கனம் பிடிக்கவேண்டாம்.

எண்ணெயைப் பார்ப்பதும் மாற்றுவதும்

கோலால் அளவு பார்க்கும் முறை எஞ்சின் எண்ணெயைப் பார்ப்பதுபோல் அல்ல. பெரும்பாலான வாகனங்களில் ஓடிச் சூடான நிலையில், மட்டமான தரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும். டொயோட்டாவில் தடி 'பி' இல் இருக்கவேண்டும். மற்றவற்றுக்குக் கைநூல் சொல்லும். புதிய எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. கபிலமாகி, கருகிய மணம் வந்தால் அது வெந்துவிட்டது. அடித்தட்டைத் திறந்து வடித்தால் மூன்றிலொன்று முதல் பாதிவரைதான் வெளியே வரும். மீதி கொன்வேட்டருக்குள் நிற்கும். ஆகவே சில நூறு கிலோமீற்றர் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை வடித்து நிரப்புவது நல்லது என்பது என் எண்ணம்.

எந்த எண்ணெய் என்பது முக்கியம். டெக்ஸ்ரோன், டொயோட்டாவின் ரி-4, டபிள்யூ.எஸ்., மிற்சுபிசியின் எஸ்.பி.-3 எல்லாம் ஒன்றல்ல. கிளச் எவ்வளவு வழுக்கவேண்டும், எங்கே பிடிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சேர்க்கைகள் ஒவ்வொன்றிலும் வேறு. ஒரு காலத்தில் இதற்குத் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடைசெய்தபோது, உற்பத்தியாளர் மாற்றுப் பொருள் தேடித் திண்டாடினார்கள். ஆகவே கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னால் நம்பாமல் கைநூலைப் பாருங்கள்.

சூட்டை அளக்க விரும்புவோர் தூரத்திலிருந்து அளக்கும் வெப்பமானியைக் கியர்பொக்ஸின் அடித்தட்டில் பிடித்துப் பார்க்கலாம். 2020 இல் எல்லோருடைய நெற்றியிலும் பிடித்தார்களே, அது உதவாது. அது மனித உடம்பின் சூட்டை மட்டும் காட்டும். தொழிற்சாலை வேலைக்கான வகையைக் கேட்டு வாங்கவேண்டும்.

நீர் ஓடும் பாலத்தைக் கடக்குமுன் பெட்டியைக் கொஞ்சம் ஆறவிடுங்கள். சூடான பெட்டி திடீரெனக் குளிர்ந்தால் உள்ளே காற்றுச் சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்தக் குழாயின் வாயை எஞ்சின் மேற்பக்கம்வரை நீட்டிக் கட்டிவிடுவது சிறிய செலவு.

கூட்டாகப் பணம் போட்டு வாங்கப் போகிறவர்கள் காசைக் கொடுக்குமுன் கோலை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்து மணந்து பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கியபின், பிறேக்கை மிதித்தபடி தடியை 'என்' இலிருந்து 'டி' க்கும் 'ஆர்' க்கும் போட்டுப் பாருங்கள். இரண்டு வினாடிக்குமேல் பிடிக்கத் தாமதித்தாலும், பெரிய அடியோடு பிடித்தாலும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு வாகனம் பார்ப்பது நல்லது. குளிர்ந்திருக்கும்போது மட்டும் ஓட்டிக் காட்டும் விற்பனையாளரிடம் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.